ஊசி வழியே எலும்புக்குள்: சிமெண்ட் முதல் ஜெல் வரை

‘எலும்புத் தேய்மானம்’ என்று பொதுவாகச் சொல்லி இரண்டு வேறு நோய்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து, படியேறினால் வலிப்பது ஒன்று. அது மூட்டுத் தேய்மானம். இன்னொன்றில் எலும்பின் உள்ளே இருக்கும் சரக்கே குறைந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் கீழே கிடக்கும் எதையோ எடுக்கச் சும்மா குனிந்ததற்கே முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிடும். இதுதான் எலும்புப்புரை, ஆஸ்டியோபோரோசிஸ். புரை என்றால் உள்ளே விழுந்த பொந்து. கலைச்சொற்கள் பலவும் பொருளோடு ஒட்டாமல் நிற்கும்போது, இது மட்டும் அச்சாகப் பொருந்துகிறது.

அந்தப் பொந்துகளை ஊசி போட்டு நிரப்பினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது, செய்தும் பார்த்துவிட்டார்கள். ஆனால் எதை வைத்து நிரப்புவது, நிரப்பியது அப்புறம் உள்ளே என்ன ஆகும் என்பதில்தான் நாற்பது ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில், எலும்புக்குள் என்ன நடக்கிறது

ஒரு முள்ளெலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெளியே மெல்லிய, கெட்டியான ஓடு இருக்கும். உள்ளே கடற்பஞ்சு போல ஒரு வலை: சின்னச் சின்னத் தகடுகளும் குச்சிகளும் ஒன்றோடொன்று இணைந்து, இடையில் மஜ்ஜை நிரம்பியிருக்கும். உடல் எடையைத் தாங்குவதில் இந்த வலைக்குப் பெரும் பங்கு உண்டு. தொடை எலும்பின் கழுத்திலும் மணிக்கட்டுப் பக்கத்திலும் இதே அமைப்புதான். எலும்புப்புரை வந்தவர்களுக்கு முதுகு, இடுப்பு, மணிக்கட்டு என இந்த மூன்று இடங்களில் அதிகம் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வலை கட்டி முடித்த கட்டடம் போல அப்படியே நிற்பதில்லை. ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அமிலம் சுரந்து கரைத்துக் குழி பறிக்கும். இன்னொரு வகை செல்கள் அந்தக் குழியில் புதிய எலும்பைப் பூசும். ஓரிடத்தில் பறிக்கும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பூசும் வேலைக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். இடிப்பதற்கு ஆகும் நேரமும் கட்டுவதற்கு ஆகும் நேரமும் எங்கேயும் ஒன்றாக இருப்பதில்லையே. வளர்ந்தவர்களின் எலும்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, கரைக்கும் செல்களுக்கு இருந்த கடிவாளம் தளர்கிறது. பறித்த அளவுக்குப் பூச்சு வருவதில்லை. வயதான ஆண்களுக்கும், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் வேறு வழிகளில் இதே நிலை வரும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவு) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. மெலிந்துகொண்டே போகும் குச்சி ஒரு கட்டத்தில் நடுவில் அற்றுப்போகும். எலும்பைக் கட்டும் செல்கள், ஏற்கெனவே இருக்கும் பரப்பின் மேல்தான் பூசும். அற்றுப்போன இடத்தில் பூசுவதற்குப் பரப்பே கிடையாது. அதனால் மீதியிருக்கும் குச்சிகளை மருந்து கொடுத்துத் தடிமனாக்கலாம், ஆனால் காணாமல் போன குச்சியை அந்த இடத்தில் மறுபடி எழுப்புவது பெரும்பாடு. மாத்திரை ஒவ்வொரு எலும்புக்கும் போகும், மேலும் தேயாமல் காக்கும். அதன் பயன் பெரிது. ஆனால் நேற்று நசுங்கிய முள்ளெலும்புக்கோ, திருகு போட்டால் பிடிக்காத பஞ்சு எலும்புக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. அங்கேதான் ஊசி வருகிறது. உள்ளே செலுத்தும் பொருளிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். இப்போதைக்கு அது தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு செல்கள் வந்து ஒட்டிக் கட்ட ஒரு பரப்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே பொருளில் சுலபமாக அமைவதில்லை.

பழைய கை: அக்ரிலிக் சிமெண்ட்

1984-இல் பிரான்சின் அமியன் நகரில், கலிபெர், டெராமோன் ஆகிய மருத்துவர்கள் கழுத்து முள்ளெலும்பில் ரத்தநாளக் கட்டி இருந்த ஒரு பெண்ணுக்கு, ஊசி வழியே சிமெண்டைச் செலுத்தினார்கள். அவருக்கு வலி போனது. அந்தச் செய்முறைதான் பிறகு எலும்புப்புரையால் நசுங்கிய முள்ளெலும்புகளுக்கும் வந்தது. இதற்கு வெர்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். முதலில் ஒரு சின்ன பலூனை உள்ளே ஊதி இடம் பண்ணிவிட்டுச் சிமெண்டை நிரப்பினால் அது கைபோபிளாஸ்டி. 1990-களின் கடைசியில் வந்தது.

சிமெண்ட் என்றதும் வீடு கட்டும் சிமெண்டை நினைக்க வேண்டாம். இது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாகப் பிஎம்எம்ஏ. கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் அக்ரிலிக் பலகை இருக்கிறதல்லவா, வேதியியல்படி அதன் உடன்பிறப்பு. பல்செட் செய்வதும் இதே குடும்பத்துப் பொருளில்தான். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் செயற்கை மூட்டை எலும்போடு பதிக்க, பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் சார்ன்லி இதைப் பரவலாக்கியதால் எலும்பு மருத்துவர்களுக்கு இது ஏற்கெனவே பழகிய சரக்கு.

அறுவை அறையில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு பாக்கெட் பொடி, ஒரு சின்ன குப்பி திரவம். இரண்டையும் சேர்த்தவுடன் மூக்கைத் துளைக்கும் வாடை வரும். முதலில் தண்ணீராக ஓடும். அந்த நேரத்தில் செலுத்தினால் எலும்பை விட்டு வெளியே வழிந்துவிடும். கொஞ்சம் பொறுத்தால் பற்பசைப் பதத்துக்கு வரும். அதுதான் நேரம். மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி ஏற்கெனவே முள்ளெலும்புக்குள் நிற்கிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். திரையில் தெரிவதற்காகவே பொடியில் பேரியம் சல்பேட் அல்லது சிர்கோனியம் டைஆக்சைடு கலந்திருக்கும். ஒரு முள்ளெலும்புக்கு மொத்தம் சில மில்லிலிட்டர், அவ்வளவுதான். மீந்த சிமெண்டில் ஒரு சிறு உருண்டையை யாராவது விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருப்பார்கள். அது சூடாகி இறுகிவிட்டது என்றால் உள்ளே இருப்பதும் இறுகிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. இத்தனை கருவிகளுக்கு நடுவே கடைசித் தீர்ப்பு விரல் நுனியில்!

அந்தச் சூடு சும்மா வருவதில்லை. குட்டி மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. ஆய்வகத்தில் கட்டியாக வைத்து அளந்தால் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எலும்பு செல்களோ 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும். உடலுக்குள் ரத்த ஓட்டம் ஓரளவு குளிர்விக்கிறது என்றாலும், ஒரு உயிருள்ள திசுவுக்குள் வைப்பதற்கு இது மென்மையான விருந்தாளி இல்லை.

வேறு குறைகளும் உண்டு. கசிந்து நரம்புப் பக்கம் போனால் வலியோ பலவீனமோ வரலாம். சிரை வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அடுத்தது விறைப்பு. எலும்புப்புரை வந்த பஞ்சு எலும்பைவிடப் பிஎம்எம்ஏ பத்து மடங்கோ அதற்கு மேலோ விறைப்பானது. பஞ்சு மெத்தைக்கு நடுவில் ஒரு செங்கல்லை வைத்துத் தைத்தது மாதிரி. பக்கத்து முள்ளெலும்பு அதனால் சீக்கிரம் நசுங்குகிறதா, அல்லது அது எப்படியும் நசுங்கவேண்டியதுதானா என்பதில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது கரையாது. செல்கள் இதற்குள் நுழையாது, இதை எலும்பாகவும் மாற்றாது. போட்டது போட்டபடி ஆயுள் முழுக்க இருக்கும். முன்பு சொன்ன இரண்டு வேலைகளில் தாங்கும் வேலையை நன்றாகச் செய்யும். பரப்பாகும் வேலையில் சுழியம்.

வலி குறைகிறதா? இதிலும் ஒரு கதை இருக்கிறது. 2009-இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒரு குழுவுக்கு உண்மையிலேயே சிமெண்ட் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு எல்லாச் சடங்கும் நடந்தது, சிமெண்ட் மட்டும் போகவில்லை. இரண்டு குழுவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. மருத்துவ உலகில் பெரிய சலசலப்பு. 2016-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு, முறிவு ஏற்பட்டு ஆறு வாரத்துக்குள், வலி கடுமையாக இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்றது. 2018-இல் நெதர்லாந்து ஆய்வு மறுபடி வித்தியாசம் இல்லை என்றது. என் கணக்கில் இதன் பொருள்: எல்லோருக்கும் போடவேண்டிய ஊசி இல்லை இது. நசுங்கிய முள்ளெலும்பின் வலி பலருக்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. எழுந்து நடக்கவே விடாத வலி வேறு சங்கதி.

எலும்பின் மொழி பேசும் சிமெண்ட்

எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அப்படியானால் அந்தத் தாதுவையே சிமெண்டாக்கினால் என்ன? 1980-களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பல் ஆராய்ச்சியில் இருந்தவர்கள். பல்லின் தாதுவை ஆராயப் போய் எலும்புக்கு வழி கண்டார்கள். இரண்டு வகைக் கால்சியம் பாஸ்பேட் பொடியைத் தண்ணீரில் குழைத்தால், பொடி கரைந்து, ஊசி ஊசியான படிகங்களாக மறுபடி வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. கிடைப்பது ஹைட்ராக்ஸிஅபடைட். உடல் வெப்பத்திலேயே இறுகும், சூடு பெரிதாக வராது. எலும்பு செல்கள் இதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. நேரே மேலே உட்கார்ந்து பூச ஆரம்பிக்கின்றன. பரப்பு கிடைத்துவிட்டது.

சரி, பிறகு ஏன் எல்லோரும் இதற்கே மாறவில்லை?

முதல் தடை ஊசியிலேயே வருகிறது. ஈர மணலை ஒரு சிரிஞ்சில் அடைத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் மட்டும் வெளியே வரும், மணல் உள்ளேயே கெட்டித்து நின்றுவிடும். கால்சியம் பாஸ்பேட் குழைவும் இப்படித்தான் பிரியும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அடைத்துக்கொள்ளும். இதைச் சமாளிக்கப் பொடியின் மணிகளை உருண்டையாக்குகிறார்கள், ஹயலுரானிக் அமிலம், செல்லுலோஸ் வகைகள் போன்ற வழவழப்பான பொருள்களைச் சேர்க்கிறார்கள். அழுத்தும்போது இளகி, அழுத்தம் நின்றதும் நிலைக்கும் குழைவுதான் குறிக்கோள். ட்யூபை அமுக்கினால் வரும் பற்பசை, பிரஷ் மேல் வந்ததும் வழியாமல் நிற்கிறதே, அந்தக் குணம்.

இரண்டாவது தடை ரத்தம். முள்ளெலும்புக்குள் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இறுகுமுன் ரத்தம் பட்டால் குழைவு கரைந்து சிதறலாம். இந்த வகைச் சிமெண்ட் சிறிதளவு ரத்தத்தில் கலந்தாலே கட்டி உறையலாம் என்று ஆய்வகச் சோதனைகள் எச்சரித்திருந்தன. அப்படியிருந்தும் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், அனுமதி இல்லாத முறையில், எலும்புப்புரை நோயாளிகளின் முதுகெலும்பில் தன் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டைப் போட்டுப் பார்க்க மருத்துவர்களைத் தூண்டியது. மூன்று நோயாளிகள் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். 2010-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு அதன் உயர் அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள். எலும்புக்கு நெருங்கிய பொருள் என்பதால் ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, உறுதி. நேராக அமுக்கினால் தாங்கும். வளைத்தாலோ இழுத்தாலோ சுண்ணக்கட்டி போல உடையும். அதனால் மணிக்கட்டு முறிவு, முழங்காலுக்குக் கீழே அமிழ்ந்துபோன எலும்பு என, உலோகத் தகடு பாரத்தைச் சுமக்கும் இடங்களில் குழி நிரப்ப இது நன்றாக உதவுகிறது.

கரையும் வேகம் என்ற கணக்கு

எனக்கு இந்தத் துறையில் மிகவும் சுவையாகப் படுவது இதுதான். பொருள் கரைய வேண்டும், ஆனால் புதிய எலும்பு வரும் வேகத்தில் கரைய வேண்டும். ஹைட்ராக்ஸிஅபடைட் சிமெண்ட் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிரஷைட் என்ற இன்னொரு கால்சியம் பாஸ்பேட் வகை அதைவிட வேகமாகக் கரையும். கால்சியம் சல்பேட், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் காணாமல் போய்விடும். இது புதிய யோசனையே அல்ல. 1892-இலேயே ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன் எலும்புக் குழியில் பிளாஸ்டரை நிரப்பிப் பார்த்திருக்கிறார்.

ஆரோக்கியமான இளைஞரின் எலும்பில் வேகமாகக் கரைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கட்டும் செல்கள் ஓடிவந்து இடத்தைப் பிடிக்கும். எலும்புப்புரை உள்ளவருக்கோ கரைக்கும் செல்கள்தான் சுறுசுறுப்பு, கட்டும் செல்கள் சோம்பல். போட்ட பொருளைக் கரைத்துவிட்டுக் கைகழுவிப் போய்விடும். மறுபடி அதே பொந்து. ஆக, இளைஞருக்குச் சரியாக இருக்கும் சிமெண்ட் மூதாட்டிக்குச் சரிவராது. ஆய்வகத்தில் வெற்றி பெற்ற பல கலவைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

அதனால் வந்த யோசனை, சிமெண்டுக்குள்ளேயே மருந்தை ஏற்றி அனுப்புவது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இத்தனை பத்தியம் இருந்தும் ரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே மருந்தைச் சிமெண்டில் கலந்தால் தேவைப்படும் இடத்திலேயே மெல்லக் கசிந்து, கரைக்கும் செல்களை அடக்கும். ஆனால் அளவு கூடினால் கட்டும் செல்களும் அடங்கிவிடும், சிமெண்ட் இறுகவும் தாமதமாகும். ஸ்ட்ரான்சியம் இன்னொரு உதாரணம். படிகத்தில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் தனிமம் இது. எலும்புப்புரைக்கு ஸ்ட்ரான்சியம் ரானலேட் மருந்தாக வாய்வழி கொடுத்தபோது இதயத்துக்கு ஆபத்து தெரிந்ததால் 2014-இல் ஐரோப்பாவில் அதன் பயன்பாட்டைச் சுருக்கினார்கள். சிமெண்டுக்குள் வைத்தால் உடல் முழுக்கச் சுற்றாது என்ற நம்பிக்கையில் இப்போது அதே ஸ்ட்ரான்சியம் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பிஎம்பி புரதங்களையும் இப்படி அனுப்பிப் பார்க்கிறார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் இவற்றுக்கு வழிகாட்டிய ஆய்வை வெளியிட்டார். தூண்டல் எல்லை மீறினால் வேண்டாத இடத்திலும் எலும்பு முளைக்கும், வீக்கமும் வரும் என்பதால் இதில் கை நடுங்கத்தான் வேண்டும்.

ஜெல்

சிமெண்ட் கல்லானால், ஜெல் பஞ்சு. பெரும்பகுதி தண்ணீர், அதைப் பிடித்து வைக்கும் நுண்ணிய வலை ஒன்று. வலைக்கு நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், ஜெலட்டின், கொலாஜன் எனப் பல சரக்கு உண்டு. பல் மருத்துவர் அளவெடுக்கத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்துகிறாரே, ஒரு நிமிடத்தில் ரப்பர் போல இறுகுமே, அது ஆல்ஜினேட். கால்சியம் பட்டதும் இறுகும் குணம் அதற்கு. கைட்டோசானில் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் என்ற உப்பைச் சேர்த்தால் குளிரில் திரவமாகவும், 37 டிகிரியில் ஜெல்லாகவும் மாறும். அதாவது ஊசிக்குள் ஓடும், உடலுக்குள் நிற்கும்.

ஜெல்லுக்குள் உயிருள்ள செல்களையே வைத்து அனுப்பலாம். சிமெண்டில் அது கனவு. ஆனால் ஒரு ஜெல்லால் ஆளைத் தாங்க முடியாது. அதனால் ஜெல்லில் நுண்ணிய தாதுத் துகள்களையும் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் உயிரியக்கக் கண்ணாடிப் பொடியையும் கலந்து, எலும்பைப் போலவே வலையும் தாதுவுமாக ஒரு கலவைக்கு முயல்கிறார்கள். இந்த ஜெல் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: எலியா, மனிதரா? பெரும்பாலும் எலியாகத்தான் இருக்கும். சரியாகச் சொன்னால், சினைப்பை நீக்கிய எலி. ஈஸ்ட்ரோஜனை நிறுத்தி எலும்புப்புரையை வரவழைக்கும் வழி அது. எலியின் தொடை எலும்பில் சில மில்லிமீட்டர் துளையை நிரப்புவதற்கும், இரண்டு காலில் நிற்கும் ஒருவரின் இடுப்பைத் தாங்குவதற்கும் இடையே தூரம் அதிகம்.

உடையும் முன்பே

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் உடைந்த பிறகு செய்வது. உடையுமுன்பே பலவீனமான இடுப்பெலும்பில் ஊசி போட்டு வைத்தால்? இதற்கும் முயற்சி நடந்திருக்கிறது. கால்சியம் சல்பேட், பிரஷைட், டிரைகால்சியம் பாஸ்பேட் என மூன்று வேகத்தில் கரையும் பொருள்களைக் கலந்து ஒரு குழைவு. ஒன்று சீக்கிரம் கரைந்து செல்களுக்கு வழிவிடும், இன்னொன்று நடுவில், மற்றது நின்று பரப்பாகும். கரையும் வேகக் கணக்கை ஒரே பொருளிடம் கேட்காமல் மூன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுத்த கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 12 பெண்களுக்கு ஒரு பக்க இடுப்பில் மட்டும் இதைச் செலுத்தினார்கள். தொடை எலும்பின் கழுத்தில் தளர்ந்து கிடக்கும் கொழுப்பையும் மஜ்ஜையையும் கழுவி எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்புவது முறை. மறுபக்க இடுப்பை அப்படியே விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் ஏது? ஒரே பெண், ஒரே வயது, ஒரே ஹார்மோன். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது போட்ட பொருள் பெரும்பாலும் கரைந்து அந்த இடத்தில் எலும்பு வந்திருந்தது. தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி, மறுபக்கத்தைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாக இருந்தது. 2020-இல் இது வெளியானது.

அடர்த்தி கூடியது ஸ்கேனில் தெரிகிறது. விழுந்தால் உடையாமல் இருக்குமா என்பதைச் சொல்ல 12 பேர் போதாது. அதற்கு ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அந்தப் பெண்களின் ஊசி போடாத மறுபக்க இடுப்போ, முதுகெலும்புகளோ, மணிக்கட்டுகளோ பழையபடியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு வழக்கமான மருந்தைத் தவிர வேறு வழியில்லை.